பூட்டிய வீட்டின் கடைசி அறை

பிழைப்பைத் தேடிப் பிற நாடு புகுந்தோர்க்கு வீடு இரண்டு. ஒன்று வாழ்கின்ற வீடு. மற்றொன்று விட்டுவந்த வீடு. இவ்விரண்டில் ஒன்று எப்போதும் பூட்டிக் கிடக்கும். பூட்டிய வீட்டைப் பற்றி நம்மவர் கவலைப்படாமல் இல்லை. வெள்ளிதோறும் விளக்கேற்ற ஆள் வைக்கின்றனர்; துளசிமாடத்துக்கு நீர் வார்க்கச் சொல்லுகின்றனர்; அரிசிப் பானையின் வாயைத் துணியால் கட்டுகின்றனர்; நகையை வங்கியில் சேர்க்கின்றனர்; கதவை இழுத்துப் பார்த்து, மூன்றடி நடந்து, மீண்டும் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கின்றனர். இத்தனையும் செய்பவர், வீட்டின் கடைசியில் உள்ள சின்னஞ்சிறு அறையை மட்டும் அப்படியே விட்டுச் செல்கின்றனர். அந்த அறை கழிப்பறை. பல மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டில் அதனை எவ்வாறு காப்பது என்பதே நாங்கள் ஈண்டு எழுத எடுத்துக்கொண்ட பொருள். பொருளைக் கண்டு அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டா. நாம் பேச நாணும் அறையைப் பிறிதொருவர் கையால் துடைக்க நேர்கின்றது என்பதை எண்ணினால் பேசாமல் இருப்பதே நாணத்தக்கது என்று தோன்றும்.

ஆரியசாலையில் வாழும் நமக்குப் போக்கும் வரவும் புதியன அல்ல. திவான் கேசவதாசர் அமைத்த சாலைக் கடைத்தெருவை ஒட்டி வாழும் தமிழ்க் குடும்பங்களுள் பெரும்பாலானவை வணிகத்தின் பொருட்டோ உத்தியோகத்தின் பொருட்டோ கிழக்கிலிருந்து வந்தவை. நம் தெருவுக்கு ஆண்டுதோறும் வரும் விருந்தாளி ஒருவரும் அவ்வழியே வருபவர்தாம். நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதி தேவியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகின்றனர். குமாரசுவாமி தங்கும் இடம் நம் ஆரியசாலைத் தேவி கோயில். 1956 நவம்பர் 1-ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு இடையில் வந்து விழுந்தது. ஆயினும் அப்பெருமான் ஆண்டுதோறும் எல்லை கடந்து வந்து, பூசை முடிந்ததும் ஊர் திரும்புகின்றார். நாமும் அவ்வாறே போய் வருகின்றோம்.

எங்கள் குடும்பத்தின் பூட்டிய வீடு செங்கோட்டையில் இருக்கின்றது. அதுவும் ஒரு காலத்தில் திருவிதாங்கூர் மண்தான். 1956-இல் அதுவும் தமிழகத்தைச் சேர்ந்தது. குற்றாலத்துச் சாரல் தொடங்கும் ஆனி மாதத்தில் அவ்வீட்டைத் திறப்போம். அண்ணன் தம்பியர் குடும்பங்களும் அக்காள் தங்கையர் குடும்பங்களும் வந்து கூடுவர். ஆவணி கழிந்தால் ஒவ்வொருவராகக் கிளம்புவர். அதன்பின் அடுத்த ஆனி வரை, பொங்கலை ஒட்டிய நான்கு நாள் நீங்கலாக, வீட்டுக்குப் பூட்டுதான் காவல். ஒன்பது மாதம் மனிதர் புழங்காத வீட்டில் மற்ற அறைகளில் தூசி மட்டுமே சேரும். கழிப்பறையில் சேர்வது வேறு.

அது யாதென அறிய, கழிப்பறைக் கோப்பை வேலை செய்யும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும். கோப்பையின் அடியில் குழாய் நேரே இறங்குவதில்லை. யானைத் துதிக்கை போல ஒருமுறை வளைந்து மேலேறிப் பின்பு இறங்குகின்றது. அந்த வளைவில் எந்நேரமும் சிறிது நீர் தங்கி நிற்கும். ஏறத்தாழ 50 மில்லிமீட்டர், அஃதாவது மூன்று விரற்கடை உயரமுள்ள அந்நீரே நம் வீட்டுக்கும் மலத்தொட்டிக்கும் இடையில் நிற்கும் கதவு. தொட்டியிலும் சாக்கடையிலும் தோன்றும் கெட்ட காற்று அந்த நீரைத் தாண்டி மேலே வர இயலாது. 1775-இல் இலண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்னும் கடிகாரக் கைவினைஞர் இவ்வளைவை அமைத்துக் காப்புரிமை பெற்றார். அதற்குப்பின் எத்தனையோ மாறுதல் வந்தும் அவ்வளைவு மாறவில்லை. குளியலறைத் தரையில் உள்ள வடிகால் வாய்க்கும், கை கழுவும் தொட்டிக்கும் இதே ஏற்பாடுதான்.

நாள்தோறும் புழங்கும் வீட்டில் அந்நீர் நாள்தோறும் புதிதாக நிரம்புகின்றது. பூட்டிய வீட்டிலோ அது மெல்ல ஆவியாகின்றது. தரை வடிகாலில் உள்ளது முதலில் வற்றும். கோப்பையில் உள்ளது சற்றுப் பிந்தி வற்றும். செங்கோட்டையில் பங்குனி, சித்திரை வெயிலில் ஓட்டுவீடு காயும்போது அந்த மூன்று விரற்கடை நீர் எத்தனை நாள் தாங்கும்? நீர் வற்றியதும் கதவு திறந்துகொள்கின்றது. தெருக்கதவில் நாம் தொங்கவிட்டது திண்டுக்கல் பூட்டானாலும் பயன் இல்லை. நாற்றமும் கரப்பானும் எலியும் உள்ளே வரும் வழி வேறு.

நாற்றம் என்றுமட்டும் இதனை எண்ணிவிடுதல் ஆகாது. 2003-இல் ஹாங்காங் நகரத்தில் அமோய் கார்டன்ஸ் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பில் சார்ஸ் நோய் புகுந்து 300-க்கும் மேற்பட்டோரைப் பற்றியது. ஒருவரையொருவர் கண்டும் அறியாத குடும்பங்களுக்கு நோய் எவ்வாறு பரவியது என்று ஆராய்ந்தவர்கள், குளியலறைத் தரை வடிகால்கள் பலவற்றில் அந்த வளைவு நீர் வற்றியிருந்ததைக் கண்டனர். வற்றிய வடிகால் வழியே, காற்றை வெளியேற்றும் விசிறி இழுத்த இழுப்பில், கழிவுக்குழாயின் காற்று வீட்டுக்குள் புகுந்தது என்பது அவர்கள் கண்ட முக்கியமான காரணங்களுள் ஒன்று. ஒரு குவளை நீர் செய்யும் காவலை அந்நகரம் அன்று பெருவிலை கொடுத்து அறிந்துகொண்டது.

நம் தெருவும் இதனை ஒருமுறை அறிந்தது. 2020 மார்ச் 25-ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, மூன்று நாள் விசேஷத்துக்காகக் கிழக்கே சென்றிருந்த குடும்பங்கள் பல அங்கேயே தங்கிவிட்டன. எல்லையில் அனுமதிச்சீட்டு இல்லாமல் கடக்க முடியாத காலம் அது. எங்களுக்கு இரண்டு வீடு தள்ளியிருந்த குடும்பம் ஒன்று பல மாதம் கழித்தே திரும்ப முடிந்தது. கதவைத் திறந்தபோது வந்த நாற்றத்தில், எண்பது வயது மூதாட்டி படியிலேயே அமர்ந்துவிட்டார். எங்கள் திண்ணையில் அவரை இருத்தி, மோர் கொடுத்து, உள்ளே சென்று பார்த்தோம். வடிகால்கள் மூன்றும் வறண்டு கிடந்தன. ஃப்ளஷ் தொட்டியின் மூடி விலகியிருந்த இடைவெளியில் கொசுக்கள் மொய்த்தன. வீட்டுக்காரர் எலி செத்துக் கிடக்கின்றது என்று அலமாரியை நகர்த்தத் தொடங்கிவிட்டார். பிளம்பர் ஒருவர் வந்து, ஒவ்வொரு வாயிலும் ஒரு வாளி நீர் ஊற்றி, சாளரங்களைத் திறந்து வைத்துவிட்டு வெளியே வந்தார். இரண்டு மணி நேரத்தில் நாற்றம் அடங்கியது. “எலியும் இல்லை, புலியும் இல்லை, தண்ணீர்தான் இல்லை” என்று சொல்லிச் சென்றார்.

அதே தெருவில் மற்றொரு வீட்டார் முன்னெச்சரிக்கையாகக் கோப்பையின் வாய்க்குள் பழந்துணியைச் சுருட்டித் திணித்துவிட்டுச் சென்றிருந்தனர். வீட்டை முதலில் திறந்தவர் துணியை வைத்தவர் அல்லர். அவருக்கு அது தெரியாது. வந்த களைப்பில் நீரை இழுத்துவிட்டார். துணி உள்ளே போய் வளைவில் சிக்கிக்கொண்டது. பிறகு தரையை உடைக்க வேண்டியதாயிற்று. உடைத்தவரும் எடுத்தவரும் அவ்வீட்டார் அல்லர். இதைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம்.

பூட்டி வைக்கும் கழிப்பறையைக் காப்பது ஒரு முறையான வேலை என்பதை நாங்கள் முழுமையாகக் கண்டது கடல் கடந்த நாட்டில். எங்கள் மகளும் மாப்பிள்ளையும் கனடாவில் ஆல்பர்ட்டா மாநிலத்தில் வாழ்கின்றனர். அங்கே கோடைக்காலத்தில் காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் வண்டிவீடு ஒன்றை வைத்திருக்கின்றனர். டிரெய்லர் என்று அதனை வழங்குவர். அடுப்பும் படுக்கையும் கழிப்பறையும் அதற்குள்ளேயே உண்டு. நம் கேரள அரசும் 2021-இல் காரவன் சுற்றுலா என்று இத்தகைய வண்டிகளுக்கு ஊக்கம் அளித்தது. ஆதலின் நம்மவருக்கும் இது முற்றிலும் கேள்விப்படாத பொருள் அன்று. வேனில் முடிந்து இலை உதிரத் தொடங்கியதும், பனிக்காலம் முழுமைக்கும் அதனை ஓரிடத்தில் நிறுத்திவிட வேண்டும். நாங்கள் அங்கே தங்கியிருந்த ஒரு புரட்டாசிக் கடைசியில் மாப்பிள்ளை அவ்வேலையைச் செய்யக் கண்டோம்.

வண்டிவீட்டின் கழிப்பறைக்கு மலத்தொட்டி வண்டியின் அடியிலேயே இருக்கின்றது. பலவற்றில் அது நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். கண்ட இடத்தில் அதனைத் திறந்துவிட முடியாது. கழிவை இறக்குவதற்கென அமைந்த நிலையங்களில்தான் இறக்க வேண்டும். அங்கே வண்டியை நிறுத்தி, கையுறை அணிந்து, தடித்த குழாயைப் பூட்டி, தொட்டியைக் காலி செய்தார். காலி செய்ததோடு விடவில்லை. மீண்டும் மீண்டும் நீர் விட்டு, வெளிவரும் நீர் தெளியும் வரை அலசினார். கட்டியாக ஏதேனும் ஒட்டிக்கொண்டிருந்தால் ஆறு மாதத்தில் அது காய்ந்து கல்லாகிவிடும். பிறகு அசைக்க முடியாது என்றார். தொட்டியை அலசும் குழாயையும் குடிநீர்க் குழாயையும் ஒன்றோடொன்று தொடவிடாமல் தனித்தனிப் பெட்டியில் வைத்திருந்தார்.

அதன்பின் குழாய்களிலிருந்த நீரை எல்லாம் வடித்தார். அந்நாட்டில் பனிக்காலத்தில் வெப்பநிலை சுழியத்துக்கும் முப்பது பாகை கீழே இறங்குவதுண்டு. நீர் உறைந்தால் ஏறத்தாழ நூற்றில் ஒன்பது பங்கு பருத்துவிடும். அந்தப் பருமன் குழாயைப் பிளக்கும், கோப்பையையும் உடைக்கும். ஆகவே நீர் இருந்த இடத்தில் எல்லாம் இளஞ்சிவப்பு நிறமுள்ள ஒரு திரவத்தைச் செலுத்தினார். புரோப்பிலீன் கிளைக்கால் என்பது அதன் சரக்கு. உறையாமல் காப்பது, நஞ்சு மிகக் குறைந்தது. கார் எஞ்சினில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் கொடிய நஞ்சு. பெயர் ஒத்திருத்தலால் ஒன்றுக்கு மற்றொன்றை எடுத்துவிடலாகாது என்று பலமுறை சொன்னார். கோப்பையின் மிதிகட்டையை அழுத்தி, இளஞ்சிவப்பு வந்து விழும் வரை பொறுத்தார். தொட்டியின் அடைப்பானை மூடும் அளவுக்கு உள்ளே ஊற்றினார். கோப்பையின் அடியில் உள்ள ரப்பர் வளையத்தைத் துடைத்து, அதற்குரிய சிலிக்கோன் பசையைத் தடவினார். ரப்பர் காய்ந்து வெடித்தால் அடுத்த வேனிலில் நீரும் நில்லாது, நாற்றமும் நில்லாது. கடைசியாகக் கோப்பைக்குள்ளும், குளியல் வடிகாலிலும், கை கழுவும் தொட்டியின் வளைவிலும் அதே திரவத்தைக் கொஞ்சம் ஊற்றி வைத்தார்.

அந்தக் கடைசிச் செயலைக் கண்டபோதுதான் எங்களுக்குச் செங்கோட்டை வீடு நினைவுக்கு வந்தது. அங்கே நீர் இருந்தால் கேடு. இங்கே நீர் வற்றினால் கேடு. நோக்கினால் இரண்டும் எதிர். ஆயினும் அடிப்படை ஒன்றே: ஆளில்லாத மாதங்களில் அந்த வளைவு வெறுமையாய் இருத்தல் கூடாது, அதில் நிற்பது உறையவும் கூடாது, வற்றவும் கூடாது. இளஞ்சிவப்புத் திரவம் எளிதில் ஆவியாவதில்லை. ஆதலின் அங்கே இரண்டு வேலையையும் அதுவே செய்துவிடுகின்றது. நமக்கு உறைவின் அச்சம் இல்லை. வற்றாமல் காத்தால் போதும்.

ஊர் திரும்பியபின் நாங்கள் வகுத்துக்கொண்ட முறையை இங்கே சொல்லுகின்றோம். கிளம்புவதற்கு முதல்நாள் கோப்பையைத் தூரிகையும் சோப்பும் கொண்டு தேய்த்து, இரண்டு மூன்று முறை நிறைய நீர் விட்டு, வளைவில் எதுவும் தங்காமல் கழுவிவிடுகின்றோம். அமிலத்தையும் பினாயிலையும் புட்டி புட்டியாகக் கவிழ்ப்பதில்லை. மலத்தொட்டியில் கழிவை அரித்துக் கரைப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அமிலமும் கிருமிநாசினியும் அளவுக்கு மீறினால் அவை மடியும். பூட்டிய காலத்தில் அவை பசித்துக் குறையுமே அல்லாமல் அழிந்து போகா. நாம் திரும்பிப் புழங்கத் தொடங்கியதும் தாமே பெருகிக்கொள்ளும். அதற்கென விற்கும் பொடிகள் தேவையில்லை.

அடுத்தது ஃப்ளஷ் தொட்டி. அதற்கு நீர் வரும் குழாயை அடைத்து, நீரை இழுத்துவிட்டு, அடியில் எஞ்சியதைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுகின்றோம். டெங்குவைப் பரப்பும் ஏடிசு கொசுவுக்கு இத்தகைய நிழலும் தெளிந்த நீரும் அரண்மனை போன்றவை. அது முட்டையிலிருந்து கொசுவாவதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். அம்முட்டைகள் தொட்டியின் பக்கச்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீரின்றிப் பல மாதம் உயிர் தாங்கும். நீர் பட்டதும் பொரியும். ஆதலின் போகும்போதும் வரும்போதும் உட்சுவரைத் தேய்த்துவிடுதல் நன்று. 2006-இல் சிக்குன்குனியா கேரளத்தைக் கிடத்திய ஆண்டை மறவாதவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டா.

பின்னர்க் கோப்பையின் வளைவிலும் தரை வடிகாலிலும் புதுநீர் நிரப்பி, அதன்மேல் இரண்டு மூன்று கரண்டி எண்ணெய் ஊற்றுகின்றோம். எண்ணெய் மேலே படர்ந்து நீர் ஆவியாகாமல் தடுக்கும். கொசுப்புழு மூச்சுவிடவும் விடாது. ஒரு மாதமானால் சமையல் எண்ணெய் போதும். அதற்குமேல் ஆனால் அது சிக்குப் பிடிக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் கெடாது. இஃது ஓடும் பீங்கானும் உள்ள நம் வீட்டுக்கே உரிய முறை. வண்டிவீட்டின் ரப்பர் வளையத்தில் எண்ணெய் பட்டால் ரப்பர் கெடும் என்பதையும் உடன் சொல்லிவிடுகின்றோம். அதன்மேல் கோப்பையின் மூடியைத் தாழ்த்துகின்றோம். நம் நாட்டுக் கோப்பையானால் பாலிதீன் சுற்றிய பலகையை மேலே வைத்து, ஒரு செங்கல்லைப் பாரமாக வைக்கின்றோம். வாய்க்குள் எதையும் திணிப்பதில்லை. மலத்தொட்டியின் காற்றுக்குழாய்த் தலையில் கட்டியுள்ள கொசுவலை கிழிந்திருந்தால் மாற்றுகின்றோம். செய்தவை யாவை, எந்த நாளில் செய்தோம், என்ன ஊற்றினோம் என்று ஒரு தாளில் எழுதிக் கழிப்பறைக் கதவில் ஒட்டுகின்றோம். அடுத்துத் திறப்பவர் நாமாகவே இருப்போம் என்பதற்கு உறுதி இல்லை.

திறக்கும்போது முதலில் சாளரங்கள். அடுத்து ஒவ்வொரு வாயிலும் ஒரு வாளி நீர். காற்று தெளிந்தபின்பே அடுப்பு. தொட்டியிலிருந்து வரும் காற்றில் மீத்தேன் உண்டு, அது தீப்பற்றும். ஐதரசன் சல்ஃபைடு என்பதும் உண்டு. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது. அது மிகுந்தால் மூக்கு அதன் நாற்றத்தை உணர்வதையே இழந்துவிடும். நாற்றம் இல்லை என்று எண்ணி இறங்கியவன் ஏறி வருவதில்லை.

இனி, முன்னே விட்ட செய்திக்கு வருகின்றோம். துணி அடைத்த குழாயைத் தோண்டி எடுத்தவர் யார்? கல்லாகிப்போன தொட்டியில் இறங்குகின்றவர் யார்? தகழி சிவசங்கரப் பிள்ளை 1947-இல் எழுதிய ‘தோட்டியுடெ மகன்’ என்னும் நாவல் ஆலப்புழையில் மலம் அள்ளிய ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை. அக்குடும்பத்தின் தந்தையும் மகனும் இசக்கிமுத்து, சுடலைமுத்து என்னும் பெயருடையவர். அப்பெயர்களைக் கேட்டவுடனே அவர்கள் எந்தச் சீமையிலிருந்து வந்தவர் என்பது நமக்கு விளங்கும். நாகர்கோவில் சுந்தர ராமசாமி அதனைத் தமிழில் தந்திருக்கின்றார். மலையைக் கடந்து வந்த தமிழர் எல்லாரும் தராசும் கணக்கேடும் கொண்டு வந்தவர் அல்லர். வாளியும் துடைப்பமும் கொண்டு வந்தவரும் நம்மவரே. கடைவீதியில் நாம் பெற்ற மதிப்பைப் பற்றிப் பேசும்போது அவர்கள் பெறாத மதிப்பையும் எண்ணுதல் கடன்.

அது பழங்கதை என்று தள்ளவும் இயலவில்லை. மனிதர் கையால் மலம் அள்ளுவதையும், காப்பின்றிச் சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் இறங்குவதையும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அவ்வாறு இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இறப்பு நின்றிருந்தால் தீர்ப்புக்கு வேலை இல்லை. 2024 ஜூலை 13-ஆம் நாள், நம் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியே செல்லும் ஆமையிழஞ்சான் தோட்டில் குப்பையை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவரை நீர் இழுத்துச் சென்றது. மூன்றாம் நாள் அவர் உடல்தான் கிடைத்தது. நகரம் தன் கழிவை எங்கே எறிகின்றதோ அங்கே ஒரு மனிதன் இறங்க நேர்கின்றது. இளைஞர்கள் தொடங்கி இதே திருவனந்தபுரத்தில் இயங்கும் ஜென்ரோபோடிக்ஸ் நிறுவனம், சாக்கடைக் குழிக்குள் மனிதனுக்குப் பதிலாக இறங்கும் ‘பாண்டிகூட்’ என்னும் இயந்திரத்தை 2018-இல் பணியில் இறக்கியது. பெருச்சாளி என்பது அப்பெயரின் பொருள். இயந்திரம் பெருகட்டும். அதற்கிடையில், இறங்க வேண்டிய தேவையே வாராமல் நம் வீட்டளவில் காப்பது நம் கையில் உள்ளது. மலத்தொட்டியை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, நிரம்பி வழியும் வரை காத்திராமல், உறிஞ்சும் வண்டியை அழைத்து எடுப்பித்தல் வேண்டும். கூலி எவ்வளவு கேட்டாலும், எவரே இசைந்தாலும், மனிதரை உள்ளே இறக்குதல் கூடாது.

செங்கோட்டையில் எங்கள் வீட்டுத் திறவுகோல் அடுத்த வீட்டு ஆச்சியிடம் இருக்கின்றது. எண்ணெயிட்டாலும் ஒன்பது மாதத்தில் நீர் குறையத்தான் செய்யும். மாதம் ஒருமுறை ஒவ்வொரு வாயிலும் ஒரு குவளை நீர் ஊற்ற வேண்டும் என்று அவரைக் கேட்டோம். “விளக்கு நாள்தோறும் வேண்டுமானாலும் ஏற்றுகின்றேன், அம்மா. அந்த அறைக்கு மட்டும் வேறு ஆளைப் பாருங்கள்” என்று சொல்லிவிட்டார். அவர் மேல் எங்களுக்குக் குறையில்லை. அவர் சொன்னது அவருடைய சொல் அன்று. அவருக்கு முன் இருந்தவர்கள் விட்டுச் சென்ற சொல். ஆனால் ‘வேறு ஆள்’ என்று அவர் சொன்ன ஆள் எந்தத் தெருவில் இருந்து வர வேண்டும் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். நீர் ஊற்றுவதற்கு ஒரு சாதியைத் தேடிப் போவதில்லை என்று வீட்டில் முடிவு செய்தோம்.

அதற்கு எங்களுக்குத் துணை நின்றது ஆல்பர்ட்டாவில் கண்ட காட்சி. மாப்பிள்ளை பிறந்த வீட்டில் ஆண்மக்கள் தாம் உண்ட இலையையும் எடுத்தறியார். அத்தகைய வீட்டுப் பிள்ளை, உத்தியோகத்தில் பெரிய நிலையில் உள்ளவர், ஆண்டுதோறும் தம் கையால் தம் தொட்டியைக் காலி செய்து அலசுகின்றார். “கூச்சமாக இல்லையா?” என்று கேட்டோம். “முதல் ஆண்டு இருந்தது, அத்தை. அலசி முடித்துக் கை கழுவியதும் போய்விட்டது” என்றார். அயல்நாட்டில் நம் பிள்ளைகளுக்குக் கை கழுவினால் போய்விடும் கூச்சம், சொந்த ஊரில் நமக்குத் தலைமுறை தலைமுறையாகப் போகாமல் இருப்பானேன்? அங்கே அவ்வேலைக்கு ஒரு குலம் இல்லை. அதனால் அது வெறும் வேலையாக இருக்கின்றது. இங்கும் அவ்வாறு ஆக வேண்டுமானால், முதலில் நாம் செய்ய வேண்டும். அதிலும் வீட்டுப் பெண்கள் மட்டும் செய்து, ஆண்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாயிலில் நிற்பது போதாது.

ஆகவே மாதம் ஒருமுறை எங்களுள் ஒருவர் செங்கோட்டை செல்கின்றோம். கதவைத் திறந்து, சாளரங்களைத் திறந்து, நீர் ஊற்றி, தாளில் நாளைக் குறித்துவிட்டு, ஆச்சியோடு அமர்ந்து காப்பி அருந்திவிட்டுத் திரும்புகின்றோம். ஆச்சி முதலிரண்டு மாதம் திண்ணையில் நின்று பார்த்தார். பின்னர் உள்ளே வந்து நின்று பார்த்தார். சென்ற பங்குனியில் அடைமழை போல் அலுவல் வந்து எங்களால் போக முடியவில்லை. சித்திரையில் போய்க் கதவைத் திறந்தோம். வீட்டில் நாற்றம் இல்லை. கழிப்பறைக் கதவில் ஒட்டிய தாளில் எங்கள் குறிப்புகளுக்குக் கீழே, எழுத்தறியாதவர் இழுத்த கரிக்கோடு ஒன்று இருந்தது. நாங்கள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

கோடை விடுமுறைக்கும் கொடைவிழாவுக்கும் ஊர் செல்லவிருக்கும் குடும்பங்கள், விளக்குக்கும் துளசிக்கும் ஏற்பாடு செய்யும்போதே இந்த அறைக்கும் ஏற்பாடு செய்துகொள்ளுமாறு வேண்டுகின்றோம். வேண்டுவன இரண்டு வாளி நீரும் மூன்று கரண்டி எண்ணெயும் கால் மணி நேரமும். கிளம்பும் அவசரத்தில் அந்தக் கால் மணி நேரத்தைச் செலவிடும் கை, வீட்டில் எவருடையதாகவும் இருக்கலாம்.